படிவமும் கரிமண்ணும்

ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கிறது பெக்கான் நானாஸ். அன்னாசிக்குப் பேர்போன ஊர். அன்னாசிக்கென்றே ஓர் அருங்காட்சியகம்கூட இங்கே உண்டு. சாலையை விட்டு உள்ளே இறங்கினால் அன்னாசியும் செம்பனையும் மாறி மாறி வரும், நடுவே கறுத்த தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள். இங்கே மூன்று ஏக்கர் நிலம் என்ன விலை போகும் என்று நாலு பேரைக் கேட்டால் நாலு விலை வரும். பயிர் செய்கிறவர் காய்வெட்டுக் கணக்கைப் பார்த்துச் சொல்வார். தரகர், பக்கத்தில் ஒரு தொழிற்பேட்டை நிலம் என்ன விலைக்குப் போனது என்று ஆரம்பிப்பார். வங்கிக்காரர், ஏலத்துக்கு வந்தால் எவ்வளவு தேறும் என்று யோசிப்பார். ஜொகூர் பாருவில் வேலை பார்க்கும் மகன், “கொஞ்சம் பொறுங்கப்பா, சிங்கப்பூர்க்காரன் வருவான்” என்பார்.

நாலு பேரும் பொய் சொல்லவில்லை. மண் ஒன்றுதான், அதன் நாளையைப் பற்றி அவரவர் மனத்தில் இருக்கும் கணக்கு வேறு. 2006இல் இஸ்கந்தார் மலேசியா வளர்ச்சிப் பகுதிக்கு எல்லை வகுத்தபோது பெக்கான் நானாஸ் அடங்கிய ஜெராம் பாத்து முக்கிமும் (துணை மாவட்டம்) அதற்குள் வந்தது. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் அந்த மூன்று ஏக்கரின் கெரானை, அதாவது நில உரிமைப் பட்டாவை, எடுத்துப் பார்த்தால் நிலப் பயன்பாடு ‘விவசாயம்’ என்றே இருக்கும். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி மாநில அரசிடம் மனுப் போட்டு, பிரீமியம் கட்டி, நிபந்தனையை மாற்றும்வரை அது விவசாய நிலம்தான். அதைத் துண்டு போட வேண்டுமானாலும் ஒரு துண்டு ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் குறையக் கூடாது. செய்தித்தாளில் வரும் வளர்ச்சிக்கும் கெரானில் இருக்கும் வரிக்கும் நடுவேயுள்ள தூரத்தை ரிங்கிட்டில் சொல்வதுதான் மதிப்பீட்டாளரின் வேலை.

அந்த வேலையை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. 1981ஆம் ஆண்டின் 242ஆம் சட்டப்படி, கட்டணம் வாங்கிக்கொண்டு சொத்துக்கு மதிப்புச் சொல்ல மதிப்பீட்டாளர் வாரியத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு பதிவு பெற்றவர் ஒருவரிடம் தொழில் பழகி, தொழில்திறன் தேர்வில் தேறினால்தான் பதிவு கிடைக்கும். அரசுத் தரப்பில் இதே வேலையைப் பார்ப்பது நிதி அமைச்சின்கீழ் உள்ள மதிப்பீடு, சொத்துச் சேவைத் துறை. எல்லாரும் ஜே.பி.பி.எச். என்றே சொல்வார்கள். தனியார் மதிப்பீட்டாளருக்கு வாரியம் வெளியிட்ட மலேசிய மதிப்பீட்டுத் தரநிலைகள் வழிகாட்டி. அவற்றின் ஆறாம் பதிப்பு 2019இல் வந்தது. எந்தத் தேதியில் நிலத்தைப் பார்த்தார், எந்தத் தேதிக்கு மதிப்புச் சொல்கிறார், எந்த உரிமைக்குச் சொல்கிறார், எந்தெந்த விற்பனைகளோடு ஒப்பிட்டார் என்பதையெல்லாம் அறிக்கை சொல்லியாக வேண்டும். வங்கி அதிகாரி தொலைபேசியில் கேட்கும் ‘வெர்பல்’ மதிப்பு வேறு, கையெழுத்துப் போட்ட அறிக்கை வேறு. முன்னது போகிற போக்கில் சொல்வது. பின்னது நீதிமன்றம்வரை போகக்கூடியது.

இனி வரிப் பக்கம். இதுவரை மலேசியாவில் நிலம் கைமாறுவது எப்படி என்றால், விற்பனை ஒப்பந்தத்துக்குப் பின் 14ஏ படிவத்தில் உரிமை மாற்றம் எழுதி, வழக்கறிஞர் அதை முத்திரை வரிக்காக உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அனுப்புவார். வாரியம், நிலத்தின் சந்தை மதிப்பு என்ன என்று ஜே.பி.பி.எச்.சைக் கேட்கும். ஒப்பந்த விலை, ஜே.பி.பி.எச். சொன்ன மதிப்பு, இரண்டில் எது கூடுதலோ அதற்கு வரி. முதல் 1,00,000 ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு, அடுத்த 4,00,000க்கு 2, அதற்கு மேல் 10 லட்சம் வரை 3, அதையும் தாண்டினால் 4. கணக்குக்காக ஒரு நிலம் 6,80,000 ரிங்கிட்டுக்குக் கைமாறியது என்று வைத்துக்கொள்வோம். வரி 14,400. ஜே.பி.பி.எச். அதை 7,80,000 என்று மதிப்பிட்டால் 17,400. வாங்கியவர் முணுமுணுப்பார், ஆட்சேபம்கூடத் தெரிவிப்பார். ஆனாலும் ஒரு நிம்மதி இருந்தது. எண்ணைச் சொன்னது அரசாங்கம். தப்பு என்றால் அது அவர்கள் தப்பு.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது கொஞ்சம் புதிதாகத் தோன்றலாம். அங்கே தெருவுக்குத் தெரு, புல எண்ணுக்குப் புல எண் வழிகாட்டி மதிப்பு முன்கூட்டியே அட்டவணையில் இருக்கிறது. அதற்குக் குறைத்துப் பத்திரம் எழுதினால் முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் சிக்கல். 2017 ஜூனில் அரசு ஒரே உத்தரவில் எல்லா வழிகாட்டி மதிப்பையும் 33 விழுக்காடு குறைத்தது, கூடவே பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4 விழுக்காடாக ஏற்றியது. 2023இல் பழைய மதிப்புக்கே திரும்பியது. நிலம் அசையாமல் அங்கேயே கிடந்தது, எண் மட்டும் இறங்கி ஏறியது. அட்டவணை முறையின் வசதியும் அபத்தமும் இரண்டும் அதில் தெரியும். மலேசியாவில் அப்படி ஓர் அட்டவணை இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் அதிகாரி தனியாக மதிப்புப் பார்த்தார். அதனால்தான் இப்போது வரும் மாற்றம் இங்கே கனமானது.

மாற்றம் இதுதான்: முத்திரை வரியில் சுய மதிப்பீடு. 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டபடி மூன்று கட்டம். 2026 ஜனவரி 1 முதல் வாடகை, குத்தகை, பிணையங்கள், பொது முத்திரை ஆவணங்கள். 2027 ஜனவரி 1 முதல் சொத்து உரிமை மாற்ற ஆவணங்கள். 2028 ஜனவரி 1 முதல் மிச்சம் எல்லாம். வரியைக் கணக்கிட்டு, வருமான வரி வாரியத்தின் மைடாக்ஸ் தளத்தில் இ-டூட்டி செத்தெம் வழியாகத் தாக்கல் செய்து கட்டுவது வரி செலுத்துகிறவரின் பொறுப்பு. நடைமுறையில் அது வழக்கறிஞரின் மேசைக்குத்தான் வந்து சேரும். அரசு பின்னால் வந்து தணிக்கை செய்யும். சொத்து ஆதாய வரி 2025 ஜனவரியிலேயே இந்தப் பாதைக்கு வந்துவிட்டது. தாமதமாக முத்திரையிட்டால் அபராதம்: மூன்று மாதத்துக்குள் 50 ரிங்கிட் அல்லது குறைவுபட்ட வரியில் 10 விழுக்காடு, எது கூடுதலோ அது, அதற்கும் மேல் தாமதித்தால் 100 ரிங்கிட் அல்லது 20 விழுக்காடு.

பெக்கான் நானாஸ் நிலக்காரருக்கு இதில் கவனிக்க வேண்டியது இரண்டாம் கட்டம். முன்னே நின்று எண்ணைச் சொன்ன ஜே.பி.பி.எச். இனி பின்னே நின்று எண்ணைச் சோதிக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. முன்பு நிலக்காரர் அரசு சொன்ன மதிப்பை எதிர்த்துப் பேசினால் போதும். இனி தாம் சொன்ன மதிப்பை, சில ஆண்டு கழித்து ஒருவர் வந்து கேட்கும்போது, தற்காத்துப் பேச வேண்டும். சாதாரண விற்பனையில் கையில் ஒப்பந்த விலையாவது இருக்கும். அப்பா மகளுக்கு அன்பின் பேரில் எழுதிக்கொடுக்கும் நிலத்துக்கு விலையே இல்லை, அங்கே சந்தை மதிப்பு ஒன்றுதான் துணை. குடிமக்களுக்குள் பெற்றோர்–பிள்ளை மாற்றத்துக்கு 2023 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரிங்கிட் வரை வரி விலக்கு உண்டு. அதைத் தாண்டிய பகுதிக்கு வரியில் பாதி தள்ளுபடி. நிலம் 9,50,000 என்றால் வரி இல்லை. 12,00,000 என்றால் மேலே நிற்கும் 2 லட்சத்துக்கு 4 விழுக்காடு, அதில் பாதி, ஆக 4,000 ரிங்கிட். தொகை சிறிதுதான். ஆனால் எல்லைக்கோட்டுக்குச் சற்றே கீழே வந்து நிற்கும் எண்ணைப் பார்த்தால் எந்தத் தணிக்கை அதிகாரிக்கும் கை அரிக்கும்.

இதே காலத்தில் உலகளவிலும் தரநிலைகள் மாறியிருக்கின்றன. அனைத்துலக மதிப்பீட்டுத் தரநிலைகளின் புதிய பதிப்பு 2025 ஜனவரி 31 முதல் நடப்புக்கு வந்தது. அதில் தரவுகளுக்கென்று தனி அத்தியாயம், மதிப்பீட்டு மாதிரிகளுக்கென்று தனி அத்தியாயம், ஆவணப்படுத்தலுக்கும் அறிக்கைக்கும் தனி அத்தியாயம். மதிப்பைக் கண்டுபிடிக்கும் வழி மாறவில்லை. ஒப்பீடு, வருமானம், செலவு என்ற அதே மூன்று வழிகள்தான். மாறியது, ‘இந்த எண்ணுக்கு எங்கிருந்து வந்தீர்கள், வழியில் எதை விட்டீர்கள், ஏன்’ என்ற கேள்விக்கு எழுத்தில் இருக்க வேண்டிய பதில்.

அமெரிக்காவில் இது இன்னும் கறாராக நடக்கிறது. வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரு நிறுவனங்கள், 2005இல் உருவான மதிப்பீட்டுப் படிவங்களையே பல ஆண்டு வைத்திருந்தன. 2011இல் அந்தப் படிவங்களுக்குள் எழுத வேண்டிய சொற்களை ஒழுங்குபடுத்தினார்கள். வீட்டின் நிலை ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதக் கூடாது. சி1 முதல் சி6 வரை ஒரு குறியீடு தர வேண்டும். இப்போது படிவங்களையே தூக்கிவிட்டார்கள். தனி வீட்டுக்கு ஒன்று, அடுக்ககத்துக்கு ஒன்று என்றிருந்தவை போய், சொத்துக்குத் தக்கபடி கேள்விகள் விரியும் ஒரே அறிக்கை. 2025 செப்டம்பர் 8 அன்று சில நிறுவனங்களோடு சோதனை ஓட்டம், 2026 ஜனவரி 26 முதல் எல்லாருக்கும் திறப்பு, 2026 நவம்பர் 2 முதல் புதிய அறிக்கைகளுக்குக் கட்டாயம், 2027 மே 3இல் பழைய படிவங்களுக்கு முழுக்கு என்பது அவர்கள் தந்த அட்டவணை. மதிப்பீட்டாளர்கள் மென்பொருளை மாற்ற வேண்டும், வீட்டுக்குள் நின்றபடியே கைக்கணினியில் ஒவ்வோர் அறைக்கும் பதில் நிரப்பப் பழக வேண்டும். வெளிப்புறத்துக்கும் உட்புறத்துக்கும் தனித்தனிக் குறியீடு. முன்பு ஒரு பத்தியில் மழுப்பிவிட்டுப் போன விஷயத்துக்கு இப்போது பத்துக் கட்டம்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பத்தியைக் கணினி சேர்த்துக் கூட்டிப் பார்க்க முடியாது, கட்டத்தைக் கூட்டலாம். ஒரே தெருவின் இரண்டு வீடுகளை இரண்டு பேர் எப்படி மதிப்பிட்டார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கறுப்பினத்தவர் வீடுகள் குறைத்து மதிப்பிடப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு அங்கே ஒரு பெரிய விவகாரம். ‘அருமையான அக்கம்பக்கம்’ என்பதுபோன்ற வழவழப்பான சொற்களுக்குள் பாரபட்சம் ஒளிந்துகொள்ளும் என்பதும் தெரிந்த விஷயம். கட்டம் அந்த இடத்தைச் சுருக்குகிறது. இதை நான் முழுக்க வரவேற்கிறேன். நம் ஊர் அறிக்கைகளிலும் ‘வளர்ந்துவரும் பகுதி’ என்ற இரண்டு சொல்லை எத்தனை நிலத்துக்குத்தான் ஒட்டுவது!

ஆனால் அந்தக் கட்டங்கள் அமெரிக்கப் புறநகர் வீட்டைப் பார்த்து வரைந்தவை. வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்கு அவை பொருந்தும். பெக்கான் நானாஸின் கரிமண்ணுக்கு வந்தால் கதை வேறு.

மலாயில் தானா காம்புட் என்று சொல்லும் இந்த மண், மண்ணே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்குள் மக்காமல் கிடந்த மரமும் இலையும் வேரும்தான் அது. புளிப்பு அதிகம், பல பயிருக்கு ஆகாது, அன்னாசிக்கு ஆகும். அதனால்தான் ஜொகூரின் மேற்குப் பகுதியில் அன்னாசி வேரூன்றியது. பயிர் செய்ய வேண்டுமானால் முதலில் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்க வேண்டும். வடித்த நாளிலிருந்து மண் தாழ ஆரம்பிக்கும். காற்றுப் பட்டதும் மக்கிக் கரைந்துபோகும். மேற்கு ஜொகூரில் செய்து 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வடிகால் வெட்டிப் பல ஆண்டான கரிமண் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் தாழ்வதாகக் கண்டது. செம்பனை ஒரு முறை நட்டால் 25 ஆண்டு. அதற்குள் நிலம் அரை மீட்டர் இறங்கியிருக்கும். மரங்கள் சாயும், வேர் வெளியே தெரியும். இறங்க இறங்க வாய்க்கால் மட்டத்துக்கும் நிலத்துக்கும் இடைவெளி குறையும், மழைநீர் வடிய வழியில்லாமல் போகும்.

கட்டடம் கட்டினால் இது இன்னும் பச்சையாகத் தெரியும். அடியில் கெட்டி மண் வரை பைலிங் அடித்த வீடு அசையாமல் நிற்கும். பைலிங் இல்லாத முற்றமும் கார் நிறுத்துமிடமும் மெல்ல இறங்கும். சில ஆண்டில் வாசற்படிக்கும் தரைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி விழும், உள்ளே குழாய் தொங்கும். வீட்டைப் பார்க்கப் போகும் மதிப்பீட்டாளர் சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த இடைவெளியைக் குனிந்து பார்ப்பார்.

இப்போது நம் மூன்று ஏக்கருக்கு ஒப்பீட்டு விற்பனை தேடுவோம். மூன்று விற்பனை கிடைத்தது என்று வையுங்கள். ஒன்று அண்ணன் தம்பிக்கு விற்றது, அது சந்தை விலை ஆகாது, தள்ளிவிட வேண்டியதுதான். இன்னொன்றை வாங்கிய நிறுவனத்துக்குப் பக்கத்திலேயே நிலம் இருக்கிறது. தன் நிலத்துக்குச் சாலை வழி கிடைக்கட்டும் என்று கூடக் கொடுத்து வாங்கியது. அந்த விலை அந்த ஒருவருக்கு மட்டும்தான் பொருள் தரும். மூன்றாவது ஒழுங்கான விற்பனை, ஆனால் இரண்டு ஆண்டுக்கு முந்தியது, அங்கே கரி ஓர் அடிதான், கீழே களிமண். நம் நிலத்தில் கரி பத்து அடி. இந்த வித்தியாசத்துக்கு எத்தனை விழுக்காடு கழிப்பது? தேதிக்கு எவ்வளவு கூட்டுவது? சாலை முகப்புக்கு எவ்வளவு? பயிரைப் பொறுத்தவரை ஒரு சௌகரியம், அன்னாசி நட்டு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் வெட்டிவிடலாம் என்பதால் நிற்கும் பயிர் விலையை அவ்வளவாக அசைக்காது. செம்பனையானால் மரத்தின் வயதே ஒரு தனிக் கணக்கு.

அறிக்கைப் படிவத்தில் ‘மண் வகை’ என்று ஒரு கட்டம் இருக்கும். ‘கரிமண்’ என்று எழுதினால் கட்டம் நிறைந்துவிடும், மென்பொருளும் பச்சை விளக்குக் காட்டிவிடும். ஓர் அடி கரியும் பத்து அடி கரியும் அதற்கு ஒன்றே. இந்தத் தொழிலில் கட்டத்தைத் தாண்டியும் எழுதத் தெரிந்தவரின் தேவை அங்கேதான் வருகிறது. ஆழம் எவ்வளவு, எங்கே, எப்படி அளந்தோம், வாய்க்காலில் எந்த மாதத்தில் எந்த மட்டத்தில் தண்ணீர் நின்றது, வறண்ட மாதங்களில் அக்கம்பக்கத்தில் கரித்தீ பிடித்த தடம் உண்டா என்பதெல்லாம் படிவத்தில் இடமில்லாவிட்டால் கோப்பில் இருக்க வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.

தானியங்கி மதிப்பீட்டு மென்பொருள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. தாமான் என்னும் குடியிருப்புப் பேட்டை வீடுகளில் ஓரளவு பார்த்துக்கொள்ளும். நூறு வீடு ஒரே அளவில் கட்டி, ஆண்டுக்குப் பத்து விற்பனை நடக்கிற இடத்தில் கணினி சொல்லும் எண்ணில் பெரிய பிசகு இருக்காது. ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு 1999இல் ஜே.பி.பி.எச்.சுக்குள் அமைந்த தேசியச் சொத்துத் தகவல் மையம் நாடு முழுவதற்குமான சந்தைத் தகவலைத் திரட்டித் தருகிறது. ஆனால் விற்பனை அபூர்வமாக நடக்கும் விவசாய நிலத்தில், மேலே பார்த்த அண்ணன் தம்பி விலையையும் வழிக்காக வாங்கிய விலையையும் சேர்த்துச் சராசரி போட்டுத் தரும் எந்திரத்தால் உதவியைவிட உபத்திரவமே அதிகம். புதிய அனைத்துலகத் தரநிலை இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது: மதிப்பீட்டாளர் தம் தொழில்முறைத் தீர்மானத்தைச் செலுத்தாமல், தானியங்கி மாதிரி உட்பட எந்த மாதிரி தரும் எண்ணும் தரநிலைக்கு ஒத்த மதிப்பாகாது.

இந்த மாற்றங்களுக்குத் தயாராவது என்பது மதிப்பீட்டு அலுவலகங்களில் வேறு வேறு விதமாக நடக்கிறது. பெரிய நிறுவனங்களுக்குத் தனி மென்பொருள் பிரிவு இருக்கும். ஒரு மதிப்பீட்டாளர், இரண்டு பயிற்சியாளர், ஒரு தட்டச்சர் என்று ஓடும் சிற்றூர் அலுவலகத்தில் இதெல்லாம் அந்த ஒருவர் தலையில்தான். அங்கே முதலில் மாற வேண்டியது பழைய அறிக்கையைத் திறந்து பெயரையும் லாட் எண்ணையும் மட்டும் மாற்றும் வழக்கம். அதில் போன நிலத்தின் களிமண் இந்த நிலத்தின் கரிமண் மேல் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு கூட்டல் கழித்தலுக்கும் ஒரு வரி காரணம் எழுதும் பழக்கத்தைப் பயிற்சியாளரிடம் முதல் நாளே ஏற்படுத்துவது எந்த மென்பொருள் வகுப்பையும்விட மேல். தள்ளிவிட்ட விற்பனைகளையும், தள்ளிய காரணத்தோடு, கோப்பில் வைக்க வேண்டும்.

நிலக்காரர் பக்கத்திலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்கும் எண்ணம் இருந்தால், 2026க்குள் முடித்துக்கொள்வது சௌகரியம் என்பது என் அபிப்பிராயம். எண்ணை அரசே சொல்லும் பழைய நடைமுறையின் கடைசி ஆண்டு அது. தள்ளிப்போடுகிறவர்கள் கெரானின் நகல், நிலவரி ரசீதுகள், கடைசியாக எப்போது நட்டது, வாய்க்கால் எப்போது தூர்வாரியது, அக்கம்பக்கத்தில் யார் யாருக்கு விற்றார்கள் என்ற விவரங்களை ஓர் உறையில் போட்டு வைப்பது நல்லது. கரியின் ஆழத்தை மண் துளைக்கும் கம்பியோடு ஒருவர் போய் அளந்து, எந்த மூலையில் எத்தனை அடி என்று தேதி போட்டு எழுதி, அதே உறையில் சேர்க்க வேண்டும்.